ஈரத்தில் ஒட்டியது

பழவேற்காடு
11 ஆகஸ்ட் 2024

அண்ணா,

சாமுண்டீஸ்வரி எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்புகிறாய். போனில் பேசலாம் என்றால் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள். உன் பெயர் காதில் விழுந்தால் அன்றைக்கு உலை வைக்க மாட்டாள். அதுவும் இல்லாமல் எனக்குப் போனில் கோபப்பட வராது. பேச்சைப் பாதியில் விட்டுவிடுவேன். நீயும் "சரி பாப்பா, வெக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இனி தாளில்தான் பேசப்போகிறேன்.

நேற்று நம் காருக்கு அடியில் படுத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். தகடு என்றால் டங் என்று கேட்க வேண்டும். இடது பக்க முன்சீட்டுக்குக் கீழே டொக் என்றது. கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே நார் நாராகப் படகுக்கு ஒட்டும் ஃபைபர் மேட்டு. சுரண்டச் சுரண்ட அதுதான் வந்தது. தரையில் பாதி இல்லை. துருவின் மேல் ஃபைபரை ஒட்டி, பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறாய்.

இந்தக் கார் எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நான் மெக்கானிக்கல் சேர்ந்த வருஷம் நைனா திருப்பாலைவனத்து டாக்டர் வீட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த 1958 மாரிஸ் மைனரை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். "கார் படிப்பு படிக்கிற பொண்ணுக்குப் பிரிச்சிப் பாக்க ஒண்ணு வாணாமா?" என்றார். நாலு வருஷமும் காலேஜில் எங்களை ஒரு காரைக்கூடத் தொட விடவில்லை. அதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது அதை நான் ஓட வைத்திருக்கிறேன். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தேன். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டேன். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தேன். அம்பத்தூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் முதலாளி ஜெகதீஸ்வரன் நேர்காணலில் ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது ஏழாவது இடம். பிறகு என் போனில் இருந்த படங்களைப் பார்த்தார். "பேச்சு வரலன்னா பரவால்லம்மா. பொங்கல் கழிச்சு இருபதாம் தேதி வண்டிய எடுத்துக்கினு வா. வண்டி பேசட்டும்" என்றார். அவர் முதலில் செய்யப்போவது காரை மேலே தூக்கி அடியில் தட்டுவதுதான்.

போன நவம்பரில் நைனாவின் முதல் வருஷத் திதிக்கு வந்தாய். மறுநாள் நான் ஒரகடத்துக்கு அப்ரெண்டிஸ் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நீ நாலு நாள் கார் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த நாலு நாளில்தான் இதைச் செய்திருக்கிறாய். யாரைக் கேட்டுச் செய்தாய்?

பதில் எழுது. வார்த்தைகளில் எழுது.

கோபத்துடன்,
சாமுண்டீஸ்வரி


மால்பே
30 ஆகஸ்ட் 2024

பாப்பாவுக்கு அண்ணன் பிரகாஷ்.

நான் சுகம். இந்தக் கர்நாடகக் கரையில் விடாத மழை. பட்டறைக்குள் பதினோரு படகு நிற்கிறது, எல்லாம் அடியில் வேலை. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? ஒன்பதாவதோடு நின்றவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரிக்காதே.

காருக்கு அடியில் படுத்தால் கூரை தெரிந்தது. அவ்வளவு ஓட்டை. நீ திரும்பி வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். மூன்று அடுக்கு மேட்டு போட்டிருக்கிறேன். நான் ஒட்டிய படகெல்லாம் இங்கே கடலில் ஓடுகிறது. அலையைத் தாங்குவது ரோட்டைத் தாங்காதா?

நன்றாகக் காயவைத்துத்தான் ஒட்டினேன் பாப்பா. இரண்டு நாள் துணியால் துடைத்தேன். நூறு வாட்ஸ் பல்பு இரண்டு கட்டி அடியில் வைத்தேன். கையை வைத்துப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரெசின் பசை கலந்தேன். வேறு எதை நம்பாவிட்டாலும் அதை நம்பு.

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

அண்ணன்
பிரகாஷ்


பழவேற்காடு
9 செப்டம்பர் 2024

அண்ணா,

மழையில் நனையாமல் இரு. நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது.

ரோட்டைத் தாங்காதா என்று கேட்டாய். ரோடு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. நேற்று ஜாக்கி வைத்துத் தூக்கினேன். கார் எழும்பவில்லை. ஜாக்கி மட்டும் தரையைப் பொத்துக்கொண்டு சீட்டுக்கு வந்துவிட்டது. பஜாரில் இரும்புக் கேட், ஜன்னல் எல்லாம் வெல்டு வைக்கும் வின்சென்ட் அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். குனிந்து பார்த்தார். "இன்னா சாமுண்டி, இது காரா இல்ல போட்டா? லைசென்ஸ் ஆர்டிஓவுல எடுக்கணுமா, மீன் ஆபீசுல எடுக்கணுமா?" என்றார். அவர் சிரித்தார், அவர் கூட வந்தவன் சிரித்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

படகுக்குத் தோல்தான் பலம். தோலில் ஒட்டினால் தோல் சேர்ந்துகொள்ளும். இந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும்தான் அதன் எலும்பு. முன்சீட்டுக்கு அடியில் ஒரு குறுக்குப்பெட்டி போகிறது. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் அதில்தான் வந்து முடிகின்றன. இடதுபக்க நுனி பொடிப்பொடியாக இருந்தது. அதைத்தான் நீ அழகாக மூடி வைத்திருக்கிறாய். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்தக் கம்பி பிடுங்கிக்கொள்ளும். சக்கரம் மடங்கும். பழைய காரில் சீட்பெல்ட் இல்லை, நான் வைக்கப்போகிறேன். அதன் கீழ் முனையை நீ ஒட்டிய இடத்தில்தான் போல்ட்டுப் போட இருந்தேன். அந்த சீட்டில் அம்மா உட்காருவாள் என்றாவது நினைத்தாயா?

காய்ந்திருந்ததாம். துருவின் மேல் ஒட்டினால் ரெசின் துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். உப்பு உள்ளே இருந்துகொண்டு தின்னும். திறந்து கிடந்திருந்தால் நான் முதல் நாளே பார்த்திருப்பேன். நீ மூடியதால் ஒன்பது மாதம் தெரியாமல் போயிற்று.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஒட்டினால் நிற்கும் என்று நீ நம்பியது இது முதல் தடவை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் நைனாவின் படகு அடியில் பிளந்தது நீ அன்று காலை ஒட்டிய இடத்தில்தான். எல்லப்பன் மாமா நீந்தி வந்தார். நைனா வலையில் சிக்கிக்கொண்டார். அம்மா ஊர் முன்னால் உன்மேல் பழி சொன்னபோது நான் உனக்காக அழுதேன். இப்போது அந்த ஜாக்கியைப் பார்த்த பிறகு அம்மா சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

சாமுண்டீஸ்வரி


பழவேற்காடு
6 அக்டோபர் 2024

அண்ணா,

நலமா? நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

நாலு வாரமாகத் தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்டேன். நேற்று ஒரு பார்சல் கொடுத்தார். தானாகவே இருட்டாகும் கண்ணாடி வைத்த வெல்டிங் முகமூடி ஒன்று, தோல் கையுறை ஒரு ஜோடி. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கையுறை என் கைக்குச் சரியாக இருக்கிறது. அதுதான் அதிக எரிச்சல்.

நான் எழுதிய கடைசிப் பத்திக்காக வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தாயானால், படவில்லை. எழுதிய அன்று பட்டேன். நீ பதில் போடாததில் அதுவும் போய்விட்டது.

உன் ஃபைபரை முழுக்கப் பெயர்த்துவிட்டேன். பெயர்க்கப் பெயர்க்கத் துருவும் கூடவே வந்தது. குறுக்குப்பெட்டியின் நுனியை விரலால் கிள்ள முடிகிறது. புதிதாகத் தகடு வெட்டி வைக்க வேண்டும். வின்சென்ட் அண்ணனின் மிஷின் இரும்புக் கேட் வெல்டு வைக்கத்தான் சரி. இந்தத் தகட்டில் வைத்தால் ஓட்டை விழுகிறது. மெல்லிய தகட்டுக்கான மிஷினைப் பொன்னேரியிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். இருவரும் பழைய எண்ணெய் டின்களில் பழகுகிறோம். "டின்னுக்கு எஃப்சி வாங்கிடலாம் சாமுண்டி, காருக்குத்தான் கஷ்டம்" என்கிறார்.

இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்றரை மாதம். உதவிக்கு நீ வேண்டாம். பதில் மட்டும் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சாமுண்டீஸ்வரி


மால்பே
28 அக்டோபர் 2024

பாப்பா,

சுகம்.

காரில் நான் செய்தது தப்பு. படகு வேறு, கார் வேறு என்று இப்போது புரிகிறது. வெட்டி எறிந்தது நல்லது.

மற்றதைப் பற்றி. அன்றைக்கு நான் ஒட்டியது ஈரத்தில். தெரியாமல் ஒட்டவில்லை. மேட்டு பிடிக்காது என்று தெரியும். தெரிந்துதான் ஒட்டினேன். ஊர் சொன்னது, அம்மா சொன்னது, நீ சொன்னது எல்லாம் சரி. மூன்றாவது ஆளாக நீயும் சொல்லிவிட்டாய், இனிச் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு மேல் கேட்காதே.

அம்மாவை மழையில் வெளியே விடாதே.

பிரகாஷ்


பழவேற்காடு
8 நவம்பர் 2024

அண்ணா,

எல்லாரும் நலம்.

கேட்காதே என்று எழுதினால் நான் கேட்காமல் இருந்துவிடுவேன் என்று எப்படி நினைத்தாய்? சின்ன வயதிலிருந்து நான் வாய் திறக்காதவள் என்பதால்தான் இந்த வீட்டில் எல்லாரும் எனக்கு எதையும் சொல்லாமல் விட்டீர்கள். நைனா இறந்த அன்று நான் காஞ்சிபுரத்தில் ஒரு கம்பெனி வாசலில் நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்தேன். காலையில் வீட்டில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதிலிருந்து ஃபைபர் ஒட்டுகிறாய். பனி இறங்கிய காலையில்கூட, வெயில் ஏறட்டும் என்று ஆட்களைத் திட்டித் திருப்பி அனுப்புவாய். நான் பார்த்திருக்கிறேன். தசரதன் பெரியப்பா படகை நாலு நாள் காக்க வைத்தாய், அவர் உன்னை அடிக்க வந்தார், அப்போதும் நீ ஒட்டவில்லை. அப்படிப்பட்டவன் சொந்த நைனா ஏறப்போகும் படகில் தெரிந்தே ஈரத்தில் ஒட்டினாயா? காரின் அடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தவன்?

அன்று நம் பாட்டு நாள் என்பது தெரியும். முகத்துவாரத்தில் வலை கட்ட நம் தலைக்கட்டுக்கு முறை வரும் நாள். அதைத் தவறவிட்டால் மறுபடி சுற்று வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். சரி. அதற்காக?

ஒட்டச் சொன்னது யார்? ஒரே வரி எழுது. நைனா என்றால் நைனா என்று எழுது.

வரும் இருபத்து மூன்று நைனாவின் நாள். நீ வர மாட்டாய். அம்மா உன் பங்குக்கும் சேர்த்து இலை போட மாட்டாள். நான் போடுவேன், சண்டை வரும், பார்த்துக்கொள்கிறேன்.

சாமுண்டீஸ்வரி


மால்பே
25 நவம்பர் 2024

பாப்பா,

நான் சுகம். இங்கே கோயிலில் நைனா பேருக்கு விளக்கு வைத்தேன்.

நைனாதான் போகணும் என்றார். நைனாதான் ஒட்டச் சொன்னார். நான் ஒட்டினேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான். இறந்தவர் மேல் பழி போடக் கூடாது என்று சொல்லாமல் இருந்தேன்.

கார் விஷயம். தரையை வெட்டுவதற்கு முன்னால் கதவு வைக்கும் இடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குறுக்கே இரும்பு வைத்து வெல்டு பிடித்துவிடு. முட்டுக் கொடுக்காமல் அடியை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு மூடாது. படகிலும் அப்படித்தான். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடு. இரண்டையும் ஒரே நாளில் வெட்ட ஆசைப்படாதே. வெல்டு வைத்த இடத்தில் உள்ளே மெழுகு எண்ணெய் விடு. நம் ஊர்க் காற்றுக்குப் பெயிண்ட் மட்டும் போதாது.

பொங்கலுக்கு முன்னால் முடித்துவிடுவாய். உன் கை நைனா கை. அவசரப்படாது.

அம்மாவிடம் எதுவும் கேட்காதே. அவளுக்கு எதுவும் தெரியாது.

அண்ணன்


பழவேற்காடு
14 டிசம்பர் 2024

அண்ணா,

நீ நலமாக இருப்பாய். இங்கே ஒருவரும் நலம் இல்லை.

நீ எழுதியது பொய். தப்பான இடத்தில் அக்கறை காட்டி மாட்டிக்கொண்டாய். அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று நான் கேட்காமலே ஏன் எழுதினாய்?

எல்லப்பன் மாமா போன ஞாயிறு காரைப் பார்க்க வந்தார். பக்கவாட்டில் குட்டிக் கைபோல வெளியே நீளும் சிக்னலை இழுத்து இழுத்து விளையாடினார். தேநீர் கொடுத்தேன். பேச்சு வராமல்தான் கேட்டேன், ஆனால் கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "உங்க நைனா டீக்கடையில எங்கிட்ட சொன்னான். இன்னிக்குப் போவல எல்லப்பா, அடி ஈரமா கீது, பையன் ஒட்ட மாட்டன்றான், அவன் சொல்றது கரெக்டுன்னு. வூட்ல சொல்லிட்டு வரேன்னு போனான். அர மணி கழிச்சி வலையோட வந்தான். மூஞ்சி சரியில்ல. நான் ஒண்ணும் கேக்கல."

"இத இத்தன நாளா ஏன் மாமா சொல்லல?"

"எவனும் என்னைக் கேக்கலியே, கண்ணு."

வீட்டில் அன்று இருந்தது மூன்று பேர். நைனா போக மாட்டேன் என்றவர். நீ ஒட்ட மாட்டேன் என்றவன். மீதி யார் என்று எண்ணிப் பார்க்க என்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நைனா டீக்கடையிலேர்ந்து திரும்பி வந்தாரா?"

"எவன் சொன்னான்?"

"வந்தாரா இல்லியா?"

"எல்லப்பனா? அவனுக்குப் பொழுது போவலயா?" என்றாள். பத்துப் பதினைந்து இறால் உரித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வந்தாரு. போவலன்னாரு. போன பாட்டயும் வுட்டாச்சு. இதயும் வுட்டா ஊர்க் கட்டுப்படி ஊரு முன்னாடி துண்ட இடுப்புல கட்டிக்கினு நின்னு மன்னிப்புக் கேக்கணும். நிப்பியான்னேன். எங்கப்பன் அப்புடி நின்னான், எனக்குத் தெரியும் அது. அவரு போயி வலைய எடுத்தாரு. இவன் ஈரமா கீதும்மான்னான். ஒட்டுடா, உன் கையி என்னாத்துக்குக் கீதுன்னேன். ஒட்டினான்."

"அப்புறம் அவன் தலையில ஏம்மா போட்டே?"

"யாரு தலையிலயாச்சும் போடணும்ல."

இதைச் சொல்லும்போது கை நிற்கவில்லை அண்ணா. உரித்துக்கொண்டே இருந்தாள்.

போன பாட்டை நைனா ஏன் விட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் காலேஜ் மைதானத்தில் நின்றார். நான் பட்டம் வாங்கியதைப் பார்க்க வந்திருந்தார். படம் சுவரில் மாட்டியிருக்கிறது.

இப்போது என் கோபத்தை எங்கே வைப்பேன்? முதலில் உன்மேலேயே வைக்கிறேன். இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்ததைப் பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? துருவை மூடினாய், இதையும் மூடினாய். உனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். இந்த வீட்டுக்குள் அதோடு இருந்தவள் நான்.

புயல் மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்தது. இடது பக்கம் முடிந்துவிட்டது. கதவுக்கு முட்டுக் கொடுத்துத்தான் வெட்டினோம். நீ சொன்னதற்காக அல்ல, புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

சாமுண்டீஸ்வரி


மால்பே
3 ஜனவரி 2025

சாமுண்டி,

உன்னை யார் கேட்கச் சொன்னது? கேட்காதே என்று இரண்டு தடவை எழுதினேன். படித்தவள்தானே நீ.

என்மேல் கோபம் இருந்ததால்தான் அவள் காலையில் எழுந்து சோறு பொங்கினாள். அன்று ஊர் முன்னால் என்னைக் காட்டி இவன்தான் என்று கத்தியபோது அவள் கண்ணை நான் பார்த்தேன். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த ராத்திரியே ஏரியில் இறங்கியிருப்பாள். அதனால் நான்தான் என்றேன். அவ்வளவுதான். தியாகம் கியாகம் எனக்குத் தெரியாது.

நானும் ஒட்ட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். பெரியப்பாவிடம் நின்றேனே. அம்மா கேட்டால் முடியவில்லை. அது என் தப்பு, யாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டதல்ல.

உன் பட்டத்தை இதில் சேர்க்காதே. நைனா அன்று பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதைத்தான் பேசினாராம். சேர்த்தால் வந்து அறைவேன்.

இப்போது சொல். அம்மா சாப்பிடுகிறாளா? தனியாக எங்கேயும் போகிறாளா? உடனே எழுது. இந்த ஒரு தடவை போன் செய்தாலும் பரவாயில்லை.

பிரகாஷ்


பழவேற்காடு
22 ஜனவரி 2025

அண்ணா,

சாப்பிடுகிறாள். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். தனியாக எங்கும் போகவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவும் இல்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த ஒற்றை அறையில் எப்படி இருந்தோம் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. போன் செய்யாததற்குக் காரணம், உன் குரலைக் கேட்டால் என் கோபம் போய்விடும். அதை நான் இன்னும் செலவழிக்கவில்லை.

இருபதாம் தேதி அதிகாலை காரை வெளியே எடுத்தேன். காரின் பெட்ரோல் பம்பு டக்டக் என்று தட்டிவிட்டு நின்றது, ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. வின்சென்ட் அண்ணன் முன்சீட்டில் வருவதாக இருந்தது. கதவைத் திறந்தால் அம்மா உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். நான் எதுவும் கேட்காமல் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். வின்சென்ட் அண்ணன் பின்னால் ஏறி, "அத்தைக்குப் பயமா இல்லியா? நேத்து வரைக்கும் இந்த சீட்டுக்கு அடியில ஒண்ணுமே இல்ல" என்றார். அம்மா பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள்.

பொன்னேரி தாண்டி லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றோம். அம்மா காலால் தரையை ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள்.

"இது மால்பே வரைக்கும் போவுமா?" என்றாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. எனக்கு ஆத்திரமாக வந்தது. "போவாது. மல ஏறணும். போனாலும் அங்க போயி இன்னா சொல்லுவே?" என்றேன். அண்ணா, நான் அம்மாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. பின்னால் வின்சென்ட் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க போயி சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "சொன்னது இங்க. எடுக்க வேண்டியதும் இங்கதான்."

லாரி நகர்ந்தது. நான் கியர் போட்டேன்.

ஜெகதீஸ்வரன் சார் காரைத் தூக்கி அடியில் முழுக்கத் தட்டினார். நான் எண்ணினேன், நாற்பதுக்கு மேல். இடது பக்கக் குறுக்குப்பெட்டியில் நின்று, "இங்க முன்னாடி இன்னா இருந்துது?" என்றார். அங்கே ஃபைபர் ஒட்டியிருந்தது என்றும், எப்படி எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்றும் சொன்னேன். பத்து நிமிஷம் நிற்காமல் பேசினேன் என்று வின்சென்ட் அண்ணன் பிறகு சொன்னார். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் வலது பிரேக் குழாய் சக்கரத்தில் உரசுகிறது என்று ஜெகதீஸ்வரன் சார் கண்டுபிடித்தார். அவர் சொன்னது சரி, அதனால் இன்னும் கோபம் வந்தது. "அத மாத்திட்டு மூணாம் தேதி வேலைக்கு வா. இவ்ளோ பேசுற பொண்ணு, அன்னிக்கு ஏம்மா ஊமை மாதிரி உக்காந்துகினு இருந்தே?" என்றார்.

திரும்பி வந்ததும் அம்மா நல்ல புடவையை மாற்றவில்லை. நேராக எல்லப்பன் மாமா வீட்டுக்குப் போனாள். பிப்ரவரி இரண்டு, ஞாயிறு, ஊர்க்கூட்டம். அங்கே தான் ஒன்று சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பெண்கள் கூட்டத்தில் வந்து நிற்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை, உனக்கே தெரியும். மாமா தயங்கியிருக்கிறார். வேண்டுமானால் நான் உன் சார்பாகச் சொல்லிவிடுகிறேன் கஸ்தூரி என்றாராம். அம்மா போட்ட சத்தம் நம் ஷெட் வரைக்கும் கேட்டது: "எம் புள்ளைய இத்தினி பேரு முன்னாடி கொலகாரன்னு சொன்னது என் வாயி. அன்னிக்கு என்னை எவனும் பொம்பள பேசக்கூடாதுன்னு தடுக்கல. இப்ப எவன் தடுப்பான், வரச் சொல்லு."

நைனாவை ஊர் முன்னால் நிற்க விடக் கூடாது என்றுதான் அன்று அனுப்பினாள். இப்போது அவளே நிற்கப்போகிறாள். நிற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு இரக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் அன்று அவளோடு போய் நிற்பேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் அவள் பேசப்போகிறாள். அவள் கையை நீட்டி உன்னைக் காட்டிய இடத்தில், அதைத் திருப்பி எடுக்கும்போது நீ நிற்க வேண்டும். வேண்டாம்மா, நான்தான் செய்தேன் என்று குறுக்கே ஒரு வார்த்தை பேசினாயானால் அதன் பிறகு நான் உனக்கு எழுத மாட்டேன். வாயை மூடிக்கொண்டு கேள். அது உனக்கு நன்றாக வரும்.

சனிக்கிழமை இரவுக்குள் வந்து சேர். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம்.

உன் தங்கை,
சாமுண்டீஸ்வரி